சீட் போஸ்ட் இறங்குது, ஆடுது, சத்தம் போடுது: கோளாறு எங்கே என்று பிடிப்பது எப்படி

சைக்கிள் சீட் லூஸாக இருக்கிறது என்றதும் எல்லோருடைய கையும் அலென் கீயைத் தேடித்தான் போகும். போஸ்ட்டை ஃப்ரேமோடு பிடித்திருக்கும் கிளாம்ப்பின் போல்ட்டை இன்னொரு சுற்று இறுக்குவோம், நாலு நாள் நிற்கும், மறுபடி இறங்கும், மறுபடி ஒரு சுற்று. கடைசியில் போல்ட்டின் மரை போகும், இல்லாவிட்டால் ஃப்ரேமே வளையும். உண்மையில் அந்த போல்ட்டால் செய்ய முடிவது ரொம்பக் கொஞ்சம். போஸ்ட்டும் (சீட்டைத் தாங்கும் கம்பம்) அது நுழையும் ஃப்ரேமின் சீட் குழாயும் அளவில் ஏற்கெனவே பொருந்தியிருந்தால், மிச்சமிருக்கும் இம்மி இடைவெளியை மூடிப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அளவு தப்பாக இருந்தால் எத்தனை சுற்று இறுக்கினாலும் பிரயோஜனமில்லை. அதனால் இறுக்குவதை நிறுத்திவிட்டு, எது அசைகிறது என்று முதலில் பாருங்கள்.

முதலில் ஒரு சின்னச் சோதனை

சீட்டில் உட்கார்ந்தால் தெரியும் ஆட்டம் மூன்று இடத்திலிருந்து வரலாம்: சீட்டின் அடிக்கம்பிகள் போஸ்ட்டின் தலையில் பிடிபடும் இடம், அந்தத் தலையும் போஸ்ட்டும் சேரும் இடம், போஸ்ட் ஃப்ரேமுக்குள் நுழையும் இடம். மூன்றுமே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

போஸ்ட் ஃப்ரேமுக்குள் நுழையும் விளிம்பை ஒட்டி, போஸ்ட்டைச் சுற்றி ஒரு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். டேப்பிலிருந்து ஃப்ரேம் வரை பேனாவால் நேராக ஒரு கோடும் போட்டுவிடுங்கள். ஒரு சவாரி போய்விட்டு வந்து பாருங்கள். டேப் சுருங்கி மேலே ஏறியிருந்தால் போஸ்ட் கீழே இறங்குகிறது, கோடு விலகியிருந்தால் பக்கவாட்டில் திரும்புகிறது. இரண்டும் இல்லை, ஆனால் சீட் மட்டும் ஆடுகிறது என்றால், விரல் நுனியை போஸ்ட்டும் ஃப்ரேமும் சேரும் இடத்தில் வைத்துக்கொண்டு மறு கையால் சீட்டின் மூக்கையும் பின்பக்கத்தையும் மாற்றி மாற்றி அழுத்துங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் மயிரிழை அளவுதான் என்றாலும் விரலுக்குத் தெரிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது.

சீட்டின் மூக்கு மட்டும் ஏறி இறங்குகிறது, போஸ்ட் அசையவே இல்லை

இது ஃப்ரேம் சம்பந்தப்பட்ட பிரச்சினையே இல்லை. தலையில் உள்ள கிளாம்ப்பைக் கழற்றி, ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும் பற்களைப் பாருங்கள். அழுக்கு அடைத்திருந்தால் பிரஷ் போட்டுத் துடைத்து, போல்ட் மரையில் கிரீஸ் தடவி மறுபடி பூட்டினால் போதும். பற்கள் மழுங்கி வழவழவென்று ஆகியிருந்தால் அந்தக் கிளாம்ப்பை மாற்றுவதுதான் ஒரே வழி. மேலே 22.2 மி.மீ. கழுத்து உள்ள பழைய வகை போஸ்ட்டில் இந்தக் கிளாம்ப் தனியாகவே கிடைக்கும். தலையும் போஸ்ட்டும் ஒரே துண்டாக வரும் வகை என்றால் பெரும்பாலும் போஸ்ட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

கையால் ஆட்டினால் ஆட்டமில்லை, ஆனால் ஓட்ட ஓட்ட மெல்ல இறங்குகிறது

இது நல்ல செய்தி. அளவு அநேகமாகச் சரியாகத்தான் இருக்கிறது, பிடிப்புதான் போதவில்லை.

போஸ்ட்டை முழுவதும் வெளியே எடுங்கள். குழாயின் உள்பக்கத்தையும் போஸ்ட்டையும் துணியால் துடைத்து, பழைய கிரீஸ் போகிற மாதிரி ஆல்கஹால் போட்டு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். அப்புறம் கிளாம்ப்பைக் கையில் எடுத்து போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். மரையில் துருவும் மண்ணும் இருந்தால், நீங்கள் போடும் பலத்தில் பெரும்பங்கு அந்த உராய்விலேயே செலவாகிவிடும். கைக்கு டைட்டாகத் தெரியும், கிளாம்ப்போ பிடித்திருக்காது. மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் கொஞ்சம் கிரீஸ் வைத்தாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை முடிந்துவிடும்.

கிளாம்ப் ஃப்ரேமின் உச்சி விளிம்பில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி ஏறி நின்றால் அது பிடிப்பது ஃப்ரேமை அல்ல, காற்றை.

குயிக் ரிலீஸ் லீவர் உள்ள கிளாம்ப் என்றால் அதற்குத் தனிக் கணக்கு. லீவர் பாதி தூரம் வந்ததும், அதாவது குழாயிலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போதே, எதிர்ப்பு தெரிய ஆரம்பிக்க வேண்டும். முழுக்க மூடும்போது உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். அதற்கு முன்பே சுலபமாக மூடிக்கொண்டால் எதிர்ப்பக்க நட்டைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று இறுக்கிப் பாருங்கள். லீவருக்கு அடியில் பிளாஸ்டிக் வாஷர் இருந்து அது தேய்ந்து போயிருந்தால், எவ்வளவு சரிசெய்தாலும் நிற்காது. ஓட்டுபவர் கனமானவர், சீட்டை அடிக்கடி ஏற்றி இறக்கும் தேவையும் இல்லை என்றால், லீவரைத் தூக்கிப் போட்டுவிட்டு அலென் போல்ட் கிளாம்ப் மாட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எவ்வளவு இறுக்குவது? கிளாம்ப்பிலோ ஃப்ரேமிலோ அச்சிட்டிருக்கும் எண்தான் முடிவானது, பெரும்பாலும் 4 முதல் 7 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். அதற்கு இறுக்கியும் இறங்கினால் அடுத்த ஆயுதம் இன்னும் பலம் அல்ல, கார்பன் பேஸ்ட். பெயர்தான் கார்பன் பேஸ்ட், அலுமினியத்துக்கும் ஸ்டீலுக்கும் தாராளமாகப் போடலாம். அதில் இருக்கும் நுண்ணிய மணல் போன்ற துகள்கள் இரண்டு பரப்புக்கும் நடுவே சிக்கிப் பிடித்துக்கொள்ளும், குறைந்த இறுக்கத்திலேயே போஸ்ட் நிற்கும். ஹேண்டில்பாரிலிருந்து பட்டனை அழுத்தினால் ஏறி இறங்கும் டிராப்பர் போஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்ப அவசியம், ஏனென்றால் கிளாம்ப்பை அதிகம் இறுக்கினால் போஸ்ட்டின் வெளிக்குழாய் நசுங்கி உள்ளே ஓடும் பாகம் சிக்கிக்கொள்ளும்.

போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் போஸ்ட் கையாலேயே திரும்புகிறது

இங்கேதான் விஷயமே இருக்கிறது. இறுக்கிய நிலையில் இரண்டு இடைவெளிகளைப் பாருங்கள்: கிளாம்ப்பின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள சந்து, ஃப்ரேம் குழாயின் உச்சியில் நெடுக்காகப் போட்டிருக்கும் வெட்டு. எந்தச் சந்து மூடியிருக்கிறது என்பதை வைத்தே குற்றவாளி யார் என்று சொல்லிவிடலாம்.

கிளாம்ப்பின் முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன, ஃப்ரேமின் வெட்டு அகலமாகவே இருக்கிறது என்றால், கிளாம்ப் பெரியது, அல்லது இழுபட்டு நீண்டுவிட்டது. கிளாம்ப்பின் அளவு என்பது குழாயின் வெளி விட்டம், 28.6, 31.8, 34.9 மி.மீ. ஆகியவைதான் அதிகம் புழக்கத்தில் உள்ளவை. குழாயை வெளியே அளந்து அதற்கான கிளாம்ப்பை வாங்கினால் வேலை முடிந்தது.

இதற்கு நேர்மாறாக, ஃப்ரேமின் வெட்டு மேலே குறுகி, கீழே விரிந்து, தலைகீழ் ‘வி’ மாதிரி தெரிகிறது என்றால் போஸ்ட் சின்னது. சந்தேகமே வேண்டாம். சரியான அளவு போஸ்ட் போட்டு இறுக்கிய பிறகு அந்த வெட்டின் இரண்டு ஓரமும் ஏறக்குறைய இணையாகத்தான் நிற்கும். இந்த ஒரு அடையாளத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டால், பழைய சைக்கிள் வாங்கும்போதுகூட போஸ்ட் மாற்றப்பட்டதா என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

இவ்வளவு சுலபமாகத் தப்பு நடக்கக் காரணம் உண்டு. போஸ்ட் அளவுகள் பெரும்பாலும் 0.2 மி.மீ. இடைவெளியில் வருகின்றன: 26.0, 26.2, 26.4, 26.6, 26.8, 27.0, 27.2 என்று போய்க்கொண்டே இருக்கும். இவை போக 25.4, 30.9, 31.6, 34.9 எல்லாம் உண்டு. 27.2 போட வேண்டிய குழாயில் 26.8 சிரமமே இல்லாமல் உள்ளே போகும். போகிறதே என்று இறுக்குவோம், கொஞ்ச நாள் நிற்கவும் செய்யும். 30.9 குழாய்க்கும் 31.6 குழாய்க்கும் இதே குழப்பம். சின்னது பெரியதற்குள் போய்விடும், வெட்டு நெரியும், போஸ்ட் இறங்கும்.

சரி, உங்கள் ஃப்ரேமின் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? போஸ்ட்டின் அடிப்பகுதியில், குறைந்தபட்ச ஆழக் கோட்டுக்கு (போஸ்ட் குறைந்தது எவ்வளவு உள்ளே இறங்கியிருக்க வேண்டும் என்று காட்டும் கோடு) பக்கத்தில் விட்டம் பொறித்திருக்கும். ஆனால் அது சொல்வது போஸ்ட்டின் அளவைத்தான், ஃப்ரேமின் அளவை அல்ல. ஃப்ரேமுக்கு வெர்னியர் காலிப்பரின் உள் தாடையை வைத்து அளக்க வேண்டும். கிளாம்ப்பைத் தளர்த்திவிட்டு, முன்பின்னாக ஒருமுறை, இடவலமாக ஒருமுறை. வெட்டு ஏற்கெனவே நெரிந்திருந்தால் இடவல அளவு குறைத்துக் காட்டும், அதனால் ஓரங்கள் இணையாகும் வரை காதுகளை (வெட்டின் இரு பக்கமும் நிற்கும் குழாய் ஓரங்களை) மெல்ல விரித்த பிறகுதான் அந்த அளவை நம்பலாம்.

காலிப்பர் இல்லை என்றால் போஸ்ட்டை மட்டுமாவது இப்படிப் பார்க்கலாம். மெல்லிய காகிதப் பட்டையை ஒரு சுற்று இறுக்கமாகச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் ஊசியால் குத்தி, விரித்து, இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை 3.14-ஆல் வகுங்கள். 27.2 என்றால் சுற்றளவு கிட்டத்தட்ட 85.5 மி.மீ., 26.8 என்றால் 84.2. ஸ்கேலில் பிரித்தறியக்கூடிய வித்தியாசம்தான். ஆனால் 27.0-க்கும் 27.2-க்கும் நடுவே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் வரும், அங்கே இந்த வித்தையை நம்பிப் பணத்தைப் போடாதீர்கள்.

கடைசித் தீர்ப்பு கை உணர்வுக்கு விட வேண்டியது. கிளாம்ப் தளர்ந்திருக்கும்போது, லேசாக கிரீஸ் தடவிய சரியான போஸ்ட் கையால் அழுத்தி மெல்லத் திருப்பினால் உள்ளே போகும், தன் எடையால் தானாக விழாது, உள்ளே போன பிறகு மேல்முனையைப் பிடித்து ஆட்டினால் ‘டக்டக்’ என்று தட்டாது. இவ்வளவும் நடந்தால் அதுதான் உங்கள் அளவு. சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போகும் என்றால் நிறுத்துங்கள், ஒன்று அளவு பெரியது, இல்லையென்றால் வெட்டின் ஓரத்தில் பிசிறு இருக்கிறது. பிசிறை அரைவட்ட அரத்தால் தேய்த்து எடுக்கலாம், ஆனால் தூள் கீழே பெடல் அச்சு பேரிங் பக்கம் போய்விடாமல் முதலில் குழாய்க்குள் துணி அடைத்துக்கொள்ளுங்கள்.

ஷிம் போடலாமா?

சரியான போஸ்ட் கிடைக்கும் என்றால் அதையே வாங்குங்கள், ஷிம் (போஸ்ட்டுக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும் மெல்லிய உலோகக் குழல்) இரண்டாம் பட்சம். கிடைக்காத அளவு, அல்லது கையில் இருக்கும் நல்ல போஸ்ட்டை விட மனமில்லை என்றால் ஷிம் நியாயமான வழிதான். கடைசல் செய்து வரும் அலுமினிய ஷிம்மில் உள் அளவும் வெளி அளவும் எழுதியிருக்கும். 25.4 போஸ்ட்டை 27.2 குழாயில் மாட்டும் ஷிம்மின் சுவர் 0.9 மி.மீ., 27.2 போஸ்ட்டை 31.6 குழாயில் மாட்டுவதன் சுவர் 2.2 மி.மீ. ஷிம்மின் வெட்டும் ஃப்ரேமின் வெட்டும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், இல்லையென்றால் கிளாம்ப்பின் அழுத்தம் போஸ்ட்டுக்குப் போய்ச் சேராது. ஷிம் போட்ட பிறகும் இறங்குகிறது என்று புலம்புபவர்களில் நிறையப் பேர் இதைத்தான் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். ஷிம்முக்கு வெளியே, ஃப்ரேமைத் தொடும் பக்கம் கிரீஸ். உள்ளே, போஸ்ட்டைத் தொடும் பக்கம் ஒன்றுமில்லாமலோ கார்பன் பேஸ்ட்டோ. இது என் பழக்கம், பிரச்சினை வந்ததில்லை.

அப்புறம் அந்தப் பிரபலமான குளிர்பான டப்பா வைத்தியம். அலுமினிய டப்பாவின் சுவர் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். ஒரு சுற்று சுற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து விட்டம் 0.2 மி.மீ. கூடும், அதாவது துல்லியமாக ஒரு அளவு. ஆகவே 27.0 போஸ்ட் 27.2 குழாயில் ஆடுகிறது என்றால் இது நிஜமாகவே வேலை செய்யும். ஏழெட்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பட்டையாக வெட்டி, பெயிண்டையும் உள்பக்கப் பூச்சையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு (இரண்டுமே வழுக்கும்), ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஃப்ரேமின் வெட்டு இருக்கும் இடத்தில் வந்து நிற்கிற மாதிரி சுற்றுங்கள். மேலே இரண்டு மூன்று சின்ன நாக்குகள் விட்டு வெளிப்பக்கம் மடித்துவிட்டால் பட்டை உள்ளே நழுவி விழாது. வெட்டிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். 0.4 மி.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் என்றால் முறையான ஷிம் அல்லது வேறு போஸ்ட்தான். கார்பன் போஸ்ட்டிலோ கார்பன் ஃப்ரேமிலோ இந்த டப்பா வேலையே கூடாது, தகட்டின் கூரான ஓரம் நாரைக் கீறிவிடும்.

காகிதம், சைக்கிள் டியூப் துண்டு, டெஃப்லான் டேப் எல்லாம் ஷிம் அல்ல. நசுங்கும், நசுங்கியதும் மறுபடி லூஸ்.

மேலே கெட்டியாகப் பிடிக்கிறது, ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே ஏதோ தட்டுகிறது

போஸ்ட்டின் அடிமுனை குழாய்க்குள் முன்னும் பின்னும் போய் மோதுகிறது. முக்கால்வாசி நேரம் காரணம் மேலே சொன்ன அதே அளவுப் பிரச்சினைதான்: கிளாம்ப் மேல் விளிம்பை நெரித்துப் பிடித்துக்கொள்ள, கீழே இடைவெளி அப்படியே இருக்கும். அளவு சரி என்றால் ஆழத்தைப் பாருங்கள். போஸ்ட்டில் உள்ள குறைந்தபட்ச ஆழக் கோடு பொதுவாக அடியிலிருந்து விட்டத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாத உயரத்தில் இருக்கும். 27.2 போஸ்ட்டுக்குக் கணக்குப் போட்டால் அது ஐந்தரை சென்டிமீட்டர்கூட இல்லை. அது போஸ்ட்டுக்கான கணக்கு. ஃப்ரேமுக்கு அது போதாமல் போகலாம். சீட் குழாய் மேல் பாரைத் தாண்டி உயரமாக நீண்டிருக்கும் ஃப்ரேமில், போஸ்ட்டின் அடிமுனை மேல் பார் வந்து சேரும் வெல்டிங்குக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். எட்டவில்லை என்றால் நீளமான போஸ்ட் வாங்குங்கள்.

அளவும் சரி, கிளாம்ப்பும் சரி, ஆனாலும் பிடிக்கவில்லை

குழாயின் வாய் வட்டமாக இல்லாமல் போயிருக்கலாம். சின்ன போஸ்ட்டோடு பல காலம் ஓட்டிய ஃப்ரேமில் இது சகஜம். வாய் நீள்வட்டமாகி, போஸ்ட் இரண்டே இடத்தில் தொட்டுக்கொண்டு நிற்கும். முன்பின் அளவுக்கும் இடவல அளவுக்கும் கால் மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இதுதான் காரணம். ஸ்டீல் ஃப்ரேம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சரியான அளவுள்ள ஸ்டீல் உருளையையோ பழைய போஸ்ட் துண்டையோ கிரீஸ் தடவி உள்ளே விட்டு, திருப்பித் திருப்பி இறக்கி, வளைந்த காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திக் கொண்டுவந்துவிடலாம். அலுமினியம் அப்படி விட்டுக்கொடுக்காது. ஒருமுறை வளைந்ததை நிமிர்த்தினால் வெட்டின் அடியில் விரிசல் விடும் வாய்ப்பு அதிகம். ரீமர் போட்டுக் குழாயைக் கடைந்தால் வட்டமாகும், ஆனால் அது உலோகத்தைச் சுரண்டி எடுக்கும் வேலை, குழாய் இன்னும் பெரிதாகத்தான் ஆகும். அதற்குப் பிறகு ஒரு அளவு பெரிய போஸ்ட் போட்டாக வேண்டும்.

ஆட்டமில்லை, இறங்கவில்லை, சத்தம் மட்டும்

எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் சீட் பக்கம், நிற்கவில்லை என்றால் பெடல், கிராங்க் பக்கம் போய்த் தேடுங்கள். சீட் பக்கம் என்றால் பெரும்பாலும் வறண்ட உலோகம் உலோகத்தோடு உரசுவதுதான்: போஸ்ட்டைக் கழற்றி, துடைத்து, கிளாம்ப்புக்கு உள்பக்கமும் சேர்த்து மெல்லிசாக கிரீஸ் போட்டு மாட்டுங்கள். கிரீஸ் போட்டால் இறங்கிவிடுமே என்று பயந்து வறட்டு உலோகமாக விடுவதும் தப்பு. ஸ்டீல் ஃப்ரேமில் அலுமினிய போஸ்ட் ஈரத்தோடு கிடந்தால் மின்வேதி அரிப்பு வந்து, அலுமினிய ஆக்சைடு பொங்கி, போஸ்ட் குழாயோடு ஒட்டிக்கொள்ளும்; இன்று லூஸ் என்று அழுபவர் அப்போது கழற்ற முடியவில்லை என்று அழுவார். கிரீஸ் போட்டால் நழுவுகிறது என்றால் கிரீஸுக்குப் பதில் கார்பன் பேஸ்ட் போடுங்கள், இரண்டில் ஒன்று இருந்தாக வேண்டும். கார்பன் பாகமாக இருந்தால் கிரீஸ் வேண்டாம், பேஸ்ட் மட்டும்.

சுத்தம் செய்யும்போது வெட்டின் அடியில் மெல்லிய கோடு தெரிகிறது

வெட்டு முடியும் இடத்திலும், மேல் பார் சேரும் வெல்டிங்குக்குப் பக்கத்திலும், டார்ச் அடித்து நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கினால் பெயிண்ட் கீறலா விரிசலா என்று தெரிய, அந்த இடத்துப் பெயிண்ட்டைக் கொஞ்சம் சுரண்டுங்கள். கோடு உலோகத்திலும் தொடர்ந்தால் விரிசல்தான். அந்த ஃப்ரேமில் கிளாம்ப்பை இறுக்காதீர்கள், ஓட்டவும் வேண்டாம். ஸ்டீல் என்றால் ஃப்ரேம் வேலை தெரிந்த ஒருவர் பற்றவைத்துத் தரலாம். அலுமினியம் என்றால் வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் பலம் குறைந்துவிடும், பழைய பலம் வர மறுபடி வெப்பப் பதப்படுத்த வேண்டும், சாதாரண ஃப்ரேமுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. கார்பனைப் பழுதுபார்ப்பதற்கென்றே தனியாக ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டிவிட்டு அவர்கள் சொன்ன பிறகு போஸ்ட்டைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம்.